பயனும் பாரமும்

(பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பருவநிலை மாற்றம் என்னும் பெருந்தீங்குக்குக் காரணமானவர் யார், அதற்குப் பரிகாரம் தேடவேண்டிய கடமை யாருடையது என்னும் வினாவே இன்றைய பேச்சின் பொருள். தேச தேசங்களின் ராஜதந்திரிகள் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு நகரத்தில் கூடி விவாதிக்கிற இவ்வினா, நம்மைப் போன்றவர்கள் பத்திரிகையில் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிற வினாவாகவே இதுகாறும் இருந்துவருகிறது. ஆயினும் ஒரு பக்கம் பொம்மசந்திரத் தொழிற்பேட்டையும் மறுபக்கம் எலெக்ட்ரானிக் சிட்டியும் நெருக்கி நிற்க, நடுவே ஓசூர்ச் சாலை இரவும் பகலும் ஓய்வின்றி இரைந்துகொண்டிருக்கும் இந்த ஹெப்பகோடியைக் காட்டிலும் அதை எழுப்புவதற்குத் தகுந்த இடம் தென்னாட்டில் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். கண்ணாடி மாளிகையில் குளிர்ந்த காற்றில் அமர்ந்து கணிப்பொறியில் வேலை செய்பவரும், அம்மாளிகையைக் கட்டுவதற்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து தகர ஷீட்டின் கீழ் ஒற்றை அறையில் நால்வராகத் தங்கியிருப்பவரும் ஒரே சாலையில் போய்வருகிற ஊர் இது. பயன் யாருக்கு, பாரம் யாருக்கு என்பதை இங்கே ஆராய்வதற்குத் தூரதேச உதாரணங்கள் வேண்டியதில்லை.

விஞ்ஞானம் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டியிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரியை எரிப்பதால் பெருகும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதை ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி அரீனியஸ் 1896-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்காக இருந்த அவ்வாயு இப்போது 420 பங்கைக் கடந்துவிட்டது. பூமியின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. நம்முடைய அறவிசாரணைக்கு இவற்றைக் காட்டிலும் முக்கியமானது அவ்வாயுவின் ஒரு குணம். அடுப்புப் புகையைப்போல மறுநாள் கலைந்து போகாமல், ஒருமுறை வெளிவந்ததில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் ஆகாயத்தில் தங்கிவிடுகிறது. ஆதலால் இன்று யார் புகை விடுகிறார்கள் என்று மட்டும் கேட்டு விசாரணையை முடித்துவிட முடியாது. நம்முடைய பாட்டனார் காலத்தில் மான்செஸ்டரிலும் பிட்ஸ்பர்க்கிலும் எரிந்த கரியின் மிச்சம் நேற்று நம் தலைமேல் காய்ந்த வெயிலில் பங்குகொண்டிருந்தது.

அந்தச் சரித்திரக் கணக்கு என்ன சொல்லுகிறது? தொழிற்புரட்சிக் காலம் முதல் நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் எரிந்ததால் சேர்ந்திருக்கும் கரியமில வாயுவில் ஏறக்குறையக் கால் பங்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் சேர்ந்த பங்கு அதற்குச் சற்றே குறைவு. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கொண்ட நம் தேசத்தின் பங்கோ மூன்று நான்கு சதவிகிதத்துக்கு மேற்படாது. இன்றைய தேதியில் எடுத்துக்கொண்டாலும், ஆண்டொன்றுக்கு ஓர் அமெரிக்கருக்குச் சராசரியாகப் பதினான்கு டன் அளவும் ஓர் இந்தியருக்கு இரண்டு டன் அளவும் விழுகின்றன. காலனி நாடுகளில் அந்நிய ஆட்சிக் காலத்தில் உண்டான வாயுவை ஆண்டவர்கள் கணக்கில் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று சிலர் முயன்று பார்த்தபோது, பிரிட்டனின் பங்கு மூன்று சதவிகிதத்திலிருந்து ஐந்துக்கு மேல் ஏறிற்று. காடு வெட்டப்பட்டது இங்கே, ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கட்டை போடப்பட்டது இங்கே, அதன் பயன் போய்ச் சேர்ந்தது லண்டனில் என்றால் கணக்கையும் அங்கேதானே எழுதவேண்டும்?

இதற்கு ஓர் உதாரணத்தை இந்தக் கர்நாடக ராஜ்யத்திலிருந்தே காட்டலாம். 1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் பிறந்தபோது, அது முதலில் போனது மைசூருக்கோ பெங்களூருக்கோ அன்று. கம்பங்களின் வழியே கோலார் தங்க வயலுக்குப் போயிற்று. பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது அதற்குப் பின்பு, 1905-இல். தங்க வயலை நடத்தியது ஜான் டெய்லர் என்னும் லண்டன் கம்பெனி. பூமிக்குள் ஒரு மைலுக்கு மேற்பட்ட ஆழத்தில், உடல் வேகும் உஷ்ணத்தில் பாறையை உடைத்தவர்களிற் பெரும்பாலோர் வடஆற்காட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த பிரதேசங்களிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளிகள். லாபம் கப்பலேறிற்று, 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின், சயனைடு கலந்த கழிவு மண் மலைமலையாக அந்த ஊரிலேயே தங்கிவிட்டது. காற்று வீசும் பருவத்தில் அந்தத் தூளைச் சுவாசிக்கிறவர்கள் அதே தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள். கரியமில வாயுவின் விஷயத்தில் உலகம் முழுவதும் நடந்திருப்பது இதன் விரிவே.

ஆகையால் மேல்நாடுகளின் கடன் கற்பனைக் கடன் அன்று. 1991-ஆம் ஆண்டில் டில்லியைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூலை எழுதி இதை உலகத்தார் முன் வைத்தார்கள். அதற்குச் சற்று முன் வாஷிங்டனிலுள்ள ஆராய்ச்சி நிலையமொன்று வெளியிட்ட அறிக்கையில், நெல்வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் மீதேன் வாயுவையும் பணக்கார நாடுகளின் மோட்டார்ப் புகையையும் வித்தியாசமின்றிக் கூட்டி, இந்தியாவையும் சீனாவையும் முன்வரிசைக் குற்றவாளிகளோடு நிறுத்தியிருந்தார்கள். உயிர் வாழ்வதற்காக விடும் புகையும் உல்லாசத்துக்காக விடும் புகையும் ஒன்றாகுமோ என்று அவ்விருவரும் கேட்ட கேள்விக்கு இன்றுவரை நேரான பதில் வரவில்லை. மறு ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவில் வேறுபட்டது என்னும் தத்துவம் எழுத்தில் ஏறிற்று. ஏறியதோடு சரி. 1997-இல் அமெரிக்க செனட் சபை, வளரும் நாடுகளுக்கும் கட்டுப்பாடு விதிக்காத உடன்படிக்கை எதையும் ஏற்கலாகாதென்று 95 வாக்குகளால், எதிர்வாக்கு ஒன்றுமின்றித் தீர்மானித்தது. 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்களித்தன. அவர்களுடைய கணக்கின்படியே அத்தொகை 2022-இல்தான் நிறைந்தது, அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டுக்குத் தீ வைத்தவன், அதை மீண்டும் கட்டிக்கொள்ள வீடிழந்தவனுக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பதை எந்தத் தர்மத்தில் சேர்ப்பது? 2024-இல் பாகூ மாநாட்டில் 2035-ஐ இலக்காக வைத்து ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவுசெய்யப்பட்டபோது இந்தியப் பிரதிநிதி அச்சபையிலேயே எழுந்து ஆட்சேபித்தது முற்றிலும் நியாயம். 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, அதில் தவறினால் நஷ்டஈட்டுக்கு இடமுண்டு என்று தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. அவ்விஷயத்தை ஐக்கிய நாடுகள் சபை மூலமாக நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வதில் முன்நின்றது வனுவாட்டு என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு என்பதை நாம் மரியாதையோடு நினைக்கவேண்டும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின், நான் இங்கே சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்தியருக்கு இரண்டு டன் என்று நாம் உலக சபைகளில் உரக்கச் சொல்லுகிறோமே, அந்த இரண்டு டன்னை விடும் இந்தியர் யார்? சராசரி என்பது ஒரு திரை. அதற்குப் பின்னால், ஒரு மின்விசிறியும் ஒரு விளக்கும் உள்ள தொழிலாளி வீட்டின் புகையும், நான்கு குளிர்சாதனங்களும் இரண்டு கார்களும் மாதத்துக்கு ஒரு விமானப் பயணமும் உள்ள வீட்டின் புகையும் கூட்டி வகுக்கப்பட்டிருக்கின்றன. முன்னவருடைய எளிமையினால் சராசரி தாழ்கிறது. தாழ்ந்த சராசரியின் மறைவில் பின்னவர் கவலையின்றி வாழ்கிறார். 2007-ஆம் ஆண்டிலேயே கிரீன்பீஸ் இயக்கத்தின் இந்தியக் கிளை, ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்வது என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் அறிக்கை வெளியிட்டு, நம் நாட்டின் மேல் வருமானக்காரர் ஒருவர் அடித்தட்டினரைப்போல நாலரை மடங்கு வாயுவை வெளியிடுவதாகக் கணக்குக் காட்டியது. உலகளவில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கொடியது: அதிகமாக வெளியிடும் பத்து சதவிகிதக் குடும்பங்களே குடும்ப நுகர்வினால் வரும் வாயுவில் 34 முதல் 45 சதவிகிதத்துக்குப் பொறுப்பு என்றும், கீழ்ப்பாதியினர் எல்லோரும் சேர்ந்தே 13 முதல் 15 சதவிகிதத்துக்குத்தான் பொறுப்பு என்றும் ஐக்கிய நாடுகளின் பருவநிலை விஞ்ஞானிகள் குழு 2022-இல் கூறியது.

வாஷிங்டனிடம் நாம் எந்த நியாயத்தைக் கேட்கிறோமோ அதே நியாயத்தைப் பணக்காரர் வாழும் பெங்களூர்க் கோரமங்களாவிடமும் சென்னைப் போட் கிளப் பகுதியிடமும் கேட்டாகவேண்டும் என்பதே என் கட்சி. அப்படிக் கேட்பது மேல்நாட்டாரின் கடனைத் தள்ளுபடி செய்வதாகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். கடன் கொடுத்தவன் தன் வேலைக்காரனுக்குக் கூலி பாக்கி வைத்திருக்கிறான் என்பதனால் அவனுக்கு வரவேண்டிய கடன் இல்லையென்று ஆகிவிடாது. கூலி பாக்கியையும் அவன் தீர்த்தாகவேண்டும், அவ்வளவுதான். இரண்டு வழக்குகளும் தனித்தனியே நிற்கத் தக்கவை.

நம் வாசலிலேயே ஓடும் ஓசூர்ச் சாலையின் சரித்திரத்தைப் பாருங்கள். சில்க் போர்டு சந்திப்பின் பக்கத்திலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குச் சுங்கம் கொடுத்துப் பறந்துவர ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் மேம்பாலம் 2010 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. அதே திசையில் பல்லாயிரம் பேரைச் சுமந்துவரும் மஞ்சள் வழித்தட மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். காருக்கும் ரயிலுக்கும் நடுவே பதினைந்து ஆண்டுகள்! அப்பதினைந்து ஆண்டுகளில் இச்சாலையில் எரிந்த பெட்ரோலுக்கும் டீசலுக்கும், அதைச் சுவாசித்துக்கொண்டு பாலத்தின் கீழே பஸ்ஸில் நின்றுவந்த தையல் ஆலைப் பெண்கள் பொறுப்பாளிகளா? எதை முதலில் கட்டுவது என்று தீர்மானித்தவர்களும், அத்தீர்மானத்தால் பயன்பெற்றவர்களுமே பொறுப்பாளிகள். தனிமனிதர் தம் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளவேண்டும் என்று உபதேசிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ரயில் இல்லாத ஊரில் ரயிலில் போ என்று யாருக்கு உபதேசிப்பது?

மின்விசிறியே வேண்டாத ஊர் என்று முதியவர்கள் பெருமையோடு சொல்லிவந்த பெங்களூரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரியும், 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரியும் வெப்பம் பதிவாயிற்று. அந்த 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அரசின் பராமரிப்பிலிருந்த சுமார் 13,900 ஆழ்குழாய்க் கிணறுகளில் ஏறத்தாழ 6,900 வற்றிவிட்டதாக அரசே அறிவித்தது. அன்று குடியிருப்பு வளாகங்கள் டேங்கர் லாரியை விலைக்கு வாங்கின. குடம் வைத்துக் காத்துநின்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. கண்ணாடிச் சுவரால் வெயிலை உள்ளே வரவழைத்து, பிறகு அவ்வெயிலை வெளியேற்ற நாள் முழுவதும் குளிர்சாதனத்தை ஓட்டும் கட்டிடங்கள் வெளியே தள்ளுகிற அனற்காற்றில், வாயிற்காவலரும் சாலையோர வியாபாரியும் நிற்கிறார்கள்.

இனி, இந்நகரத்தின் பொறுப்பு இந்நகரத்தோடு முடிகிறதா என்று பார்ப்போம். இவ்விடத்தில் கொஞ்சம் தங்கிச் செல்ல விரும்புகிறேன், ஏனெனில் நம்மில் பலருக்கு இது சொந்த ஊரின் விஷயம். நந்தி மலைப் பகுதியில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தேங்கி, கிருஷ்ணகிரி, சாத்தனூர், திருக்கோவலூர் வழியாகக் கடலூரில் கடலோடு கலக்கும் தென்பெண்ணையாறு நம் இரு ராஜ்யங்களையும் கோத்து ஓடுகிறது. பெங்களூரின் கிழக்குப் பகுதி ஏரிகளின் கழிவுநீரும், ஆனேக்கல் தாலுகாவில் சந்தாபுரம், முத்தநல்லூர் முதலிய ஏரிகளின் உபரிநீரும் அதை நோக்கித்தான் செல்கின்றன. கெலவரப்பள்ளி மதகில் வெண்ணுரை பொங்கிப் பாலத்தை மூடும் காட்சியை ஓசூர்வாசிகள் வருஷந்தோறும் பார்க்கிறார்கள். அந்நீரைத்தான் அங்குள்ள விவசாயிகள் பயிருக்குப் பாய்ச்சுகிறார்கள். நமக்கு அருகிலுள்ள சந்தாபுர ஏரியைத் தொழிற்கழிவிலிருந்து காக்கத் தவறியதற்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்தவேண்டுமென்று உத்தரவிட்டதை நீங்கள் அறிவீர்கள்.

ஆறு ஒரு வழி. மின்கம்பி இன்னொரு வழி. அந்த ஆறு கடலைச் சேரும் அதே கடலூர் மாவட்டத்தில் நெய்வேலி இருக்கிறது. 1956-இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் அனல்மின் நிலையங்களில் பிறக்கும் மின்சாரத்தில் தமிழ்நாட்டைத் தவிரக் கர்நாடகம், கேரளம் முதலிய அண்டை ராஜ்யங்களுக்கும் பங்கு உண்டு. ராய்ச்சூர், பல்லாரி அனல்மின் நிலையங்களின் கரியோடு நெய்வேலிக் கரியும் கலந்துதான் இந்நகரத்தின் குளிர்சாதனங்கள் சுழலுகின்றன. அக்கரியை வெட்ட நிலத்தைக் கொடுத்த கிராமங்களை எண்ணிப் பாருங்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவி என்னும் கிராமத்தில், கால்வாய் வெட்டுவதற்காக, கதிர் விடும் பருவத்திலிருந்த நெற்பயிரின்மேல் இயந்திரங்களை ஓட்டியதைப் படத்தில் கண்டு நெஞ்சு பதறாதவர் யார்? கரி அம்மாவட்டத்து மண்ணிலிருந்து போயிற்று. அதன் பயனில் ஒரு பாகம் இங்கே வந்தது.

அதே மாவட்டத்துக்கு 2024 டிசம்பரில் என்ன வந்தது என்பதையும் சொல்லவேண்டும். நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் உடனே ஓய்ந்துபோகாமல் உள்நாட்டில் தங்கிப் பெய்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரைக் கிராமங்கள் மூழ்கின. திருவண்ணாமலையில் மலைச்சரிவு சரிந்து ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் போயின. அவ்வெள்ள நீர் பெங்களூரிலிருந்து வந்தது அன்று. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பிரதேசங்களில் பெய்த மழை அது. இன்ன புயலுக்கு இன்ன ஊர்ப் புகைதான் காரணம் என்று விரல் நீட்டுவதும் விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது. ஆனால் ஒரு டிகிரி சூடேறிய காற்று ஏழு சதவிகிதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும் என்பதும், ஆதலால் பெய்யும் மழை கொட்டித் தீர்க்கும் மழையாகிறது என்பதும் பௌதிகத்தின் நியதி. அந்த நியதிக்குத் துணைசெய்த புகையில் இச்சாலையின் புகையும் உண்டு. எவ்வளவு சிறிய பங்கு என்று வாதிக்கலாம். பங்கே இல்லையென்று வாதிக்க இடமில்லை.

இந்த நியாயம் நமக்குப் புதியதா? நம் ஏரிகளைக் காத்த முறையில் இதன் வித்து இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அச்சாசனங்களில், ஏரி வாரியம் என்னும் குழுவுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதி காணப்படுகிறது. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்தில் அமரத் தகுதியற்றவர்கள் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுக் கரிப்புகைக்குக் கணக்குக் காட்டாத நாடுகள் இன்று உலக வாரியத்தில் தலைமை வகிப்பதைக் காணும்போது அவ்விதியின் கண்டிப்பு மனத்தைத் தொடுகிறது. பிற்காலத்தில் குடிமராமத்து என்று வழங்கிய வழக்கத்தில், ஆயக்கட்டில் நிலமுள்ளவர்கள் தத்தம் பாசனத்தின் அளவுக்கு ஏற்ப ஆளும் பொருளும் கொடுத்து வரத்துக்காலைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் செப்பனிட வேண்டும் என்பது கொள்கை. பெற்ற பயனுக்கு ஏற்ற பொறுப்பு என்பதைவிடத் தெளிவான சூத்திரம் எனக்குத் தெரியாது.

ஆனால் பழமையைப் போற்றுவதில் உண்மையை விட்டுவிடலாகாது. உத்தரமேரூர் வாரியத்தில் நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர்களுக்கே இடம் இருந்தது. குடிமராமத்திலும், நிலமுடையவர் கணக்கில் எழுதப்பட்ட வேலையை உண்மையில் செய்து மண் சுமந்தவர்கள் பல ஊர்களில் நிலமே இல்லாத சேரிமக்கள். மதகிலிருந்து ஒரு குடம் பாசன நீரும் அவர்களுக்கு உரிமையில்லை. 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் ஆங்கில அரசாங்கம் அவ்வழக்கத்துக்கு இன்னும் ஒரு முடிச்சுப் போட்டது. கொள்கை சரியாக இருந்தும் பாரம் எளியவர் தலைக்கு நழுவிப் போய்விடும் என்பதற்கு நம் கிராமங்களே சாட்சி. இன்று பருவநிலையின் பெயரால் நடக்கும் காரியங்களிலும் அதே ஆபத்து இருக்கிறது. நீர்நிலைகளைக் காக்கிறோம் என்று ஏரிக்கரைக் குடிசைகள் முதலில் இடிக்கப்படுகின்றன. கால்வாயை அடைத்து எழும்பிய பெரும் வளாகங்களின் முறை வரும்போது வழக்குகள் வருஷக்கணக்கில் நீளுகின்றன.

சட்டமும் இவ்விஷயத்தில் ஊமையாக இல்லை. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஒரு பகுதியோ பயனற்றுப் போயிருந்ததை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டியது. தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது என்பது குடிநீரைக் கெடுப்பதற்கு உரிமைச் சீட்டு ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். இவ்வழக்கை நான் நினைவூட்டுவது வேறொரு கேள்விக்காகவும்தான். அந்தத் தோல் யார் காலுக்குச் செருப்பாயிற்று? வாணியம்பாடியின் கிணறு உப்பாகிக் கரித்தது. செருப்பு ஐரோப்பாவின் கடைத்தெருவில் விற்றது. பொம்மசந்திரத்திலும் பொம்மனஹள்ளியிலும் தைக்கப்படும் சட்டைகளின் கதையும் அதுவே. அவற்றுக்கான மின்சாரப் புகை இந்தியாவின் கணக்கில் ஏறுகிறது. அணிபவர் கணக்கில் ஏறுவதில்லை. பொருளைச் செய்தவர் பொறுப்பு எவ்வளவு, வாங்கியவர் பொறுப்பு எவ்வளவு, கரியையும் எண்ணெயையும் தோண்டி விற்றவர் பொறுப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வேலையை ரிச்சர்டு ஹீட் என்னும் ஆராய்ச்சியாளர் தொடங்கி, தொழில்யுகம் முழுவதிலும் வெளியான வாயுவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானது தொண்ணூறு நிறுவனங்கள் எடுத்து விற்ற பொருள்களைச் சார்ந்தது என்று காட்டினார். நம்முடைய கோல் இந்தியாவும் அவ்வரிசையில் இருக்கிறது. தீங்கை அறிந்திருந்தும் அதைப் பொதுமக்களிடம் மறைத்து ஐயத்தை விதைத்த எண்ணெய்க் கம்பெனிகளின் பொறுப்பு அறியாமல் எரித்தவர் பொறுப்பைவிடப் பெரிது. அறிந்து செய்த பிழைக்கு எந்த நீதி நூலும் தண்டனையைக் குறைத்ததில்லை.

தொழில் நிறுவனங்கள் நற்பணி செய்வதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். செய்கின்றன. இவ்வூர் ஏரியைச் சீர்செய்வதில் பயோகான் நிறுவனத்தின் அறக்கட்டளை முன்னின்றதை நான் மனமார வரவேற்கிறேன். லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடும்படி 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு விதித்திருப்பதும் நல்ல ஏற்பாடு. ஆயினும் கொடை வேறு, ஈடு வேறு என்பதில் நாம் உறுதியாக இருக்கவேண்டும். கொடை கொடுப்பவன் எந்த ஏரியைத் தேர்ந்தெடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தானே தீர்மானிக்கிறான். பெறுகிறவன் நன்றி சொல்லுகிறான். ஈடு கேட்பவனுக்கோ கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. மேல்நாடுகள் நமக்குத் தரும் பணத்தை உதவி என்று பெயரிட்டு வழங்குவதை நாம் ஏன் ஆட்சேபிக்கிறோமோ, அதே காரணத்தால் நம் ஊர்ப் பணக்காரர் எளியவர்க்குச் செய்வதைத் தர்மம் என்று பெயரிட்டு முடித்துக்கொள்வதையும் ஆட்சேபிக்கவேண்டும்.

சீனாவும் அமெரிக்காவும் திருந்தாதபோது நாம் மட்டும் எதற்காகச் சிரமப்படவேண்டும் என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். இதைச் சொல்லுபவர்கள் பெரும்பாலும் சிரமப்பட வேண்டியவர்களே அல்லாமல், ஏற்கெனவே சிரமப்படுகிறவர்கள் அல்லர் என்பதைக் கவனித்திருக்கிறேன். ஓசூரில் நுரை நீரைப் பாய்ச்சுகிறவருக்கும், தகர ஷீட்டின் கீழ் இரவு உறங்க முடியாதவருக்கும் சீனாவின் முடிவு வரும்வரை காத்திருக்க அவகாசம் இல்லை. வளர்ச்சி தடைப்படும் என்பது இன்னொரு வாதம். தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில், மழை பொய்த்த பதின்மூவாயிரம் ஏக்கர் நிலத்தை விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, 2,050 மெகாவாட் சூரிய மின்சாரம் எடுக்கிறார்கள். குத்தகைப் பணம் நிலத்துக்காரருக்கு வருகிறது. அந்நிலத்தில் கூலி வேலை செய்துவந்த நிலமற்றவருக்கு என்ன வருகிறது என்னும் கேள்வி அங்கேயும் நிற்கிறது. நல்ல மின்சாரத்திலும் பழைய அநியாயம் தொடரலாகாது.

அப்படியானால் யார் யார் என்ன செய்யவேண்டும்? ஒற்றை அறைத் தொழிலாளியிடம் நான் எதையும் குறைத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். அவருக்கு இன்னும் கொஞ்சம் மின்சாரமும் இன்னும் கொஞ்சம் குளிர்ச்சியும் சேரவேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்சாரம் செலவிடும் வீடுகளும் வளாகங்களும் ஏறுவரிசையில் கூடுதல் கட்டணம் செலுத்தவேண்டும். அத்தொகை பொதுக் கஜானாவில் கரைந்துபோகாமல், தொழிலாளர் குடியிருப்புகளின் கூரையை மாற்றுவதற்கும் பஸ்களைப் பெருக்குவதற்கும் என்று தனிக் கணக்கில் நிற்கவேண்டும். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணத்தொகை அளிக்க வழிசெய்தது. நடுப்பகலில் வெளிவேலை நிறுத்தத்தையும் கூலிக் குறைவில்லாத ஓய்வையும் இரு ராஜ்யங்களும் சட்டமாக்கவேண்டும், அச்செலவை ஒப்பந்தக்காரரின் மேலுள்ள மூல நிறுவனம் ஏற்கவேண்டும். 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரஞ்சித்சிங் வழக்கில், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளினின்று விடுபட்டிருப்பது அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று கூறிவிட்டது. ஆகவே இவற்றைக் கேட்பவர் யாசிப்பவர் அல்லர்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இதை இந்த மேடையிலிருந்து தீர்மானமாகவே அனுப்பலாம். தென்பெண்ணையின் நீரைப் பங்கிடுவது பற்றிக் கர்நாடகமும் தமிழ்நாடும் உச்ச நீதிமன்றம்வரை வழக்காடியிருக்கின்றன. எத்தனை நீர் என்று வழக்காடும் இரு அரசுகளும், எப்படிப்பட்ட நீர், எவ்வளவு புகை, வெள்ளம் வந்தால் யார் செலவு என்பவற்றுக்கும் ஒரு கூட்டு வாரியம் அமைக்கவேண்டும். அதில் பெங்களூர் மாநகராட்சிகளும் தொழிற்பேட்டைகளும் மட்டுமல்லாமல், ஓசூர் விவசாயிகளும் நெய்வேலியில் நிலம் இழந்தவர்களும் ஆற்றங்கரை ஊராட்சிகளும் சம உரிமையோடு அமரவேண்டும். நிலமற்றவருக்கும் அதில் இடம் ஒதுக்கவேண்டும். அவ்வாரியத்தின் முதற்கூட்டம் பெங்களூரில் கூடவேண்டாம். 2024 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த கடலூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் கூடட்டும். இந்நகரத்தின் மின்சாரக் கணக்கையும் கழிவுநீர்க் கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு நம் அதிகாரிகளும் நிறுவனத் தலைவர்களும் அங்கே போய், அவ்வூரார் கேட்கிற கேள்விகளுக்கு அவர்கள் முன்னிலையில் பதில் சொல்லட்டும்.